வீட்டிலே ஒரு விடியோ நிலையம்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை வீராணம் ஏரிக்கரைமேல் நீங்கள் போயிருக்கிறீர்களா? சுமார் 16 கிலோமீட்டர் நீளமான கரையுள்ள ஏரி அது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை நகருக்கும் அங்கிருந்து குடிநீர் போகிறது. இவை யாவும் புத்தகத்தில் கிடைக்கும் செய்திகள். ஆனால் எந்த மதகை எவ்வளவு திறந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும், எந்தக் காற்றுக்குக் கரையில் அலை மோதும் என்பன போன்றவற்றைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அவை கரையோர ஊர்களில் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்த பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் சொல்லத் தயார்தான். கேட்டுப் பதிந்து வைக்கத்தான் ஆளில்லை.

இதே ஊருக்கு இதைப் பற்றி ஒரு பழைய கதையும் உண்டு. வைணவப் பெரியவர் நாதமுனிகள் பிறந்தது வீரநாராயணபுரம் என்று அன்று வழங்கிய காட்டுமன்னார்கோயிலில். கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் பத்துப் பாட்டுகளைப் பாடக் கேட்டார் அவர். அந்தப் பத்தும் ஆயிரத்தைச் சேர்ந்தவை என்று பாட்டிலேயே குறிப்பு இருந்தது. மீதி எங்கே என்று கேட்டால் பாடியவர்களுக்கே தெரியவில்லை! அவர் தேடிப் புறப்பட்டுத் தொகுத்ததுதான் நாலாயிர திவ்யப் பிரபந்தம் என்பது மரபு. தொகுத்ததோடு நிற்காமல், தம் மருமக்கள் இருவருக்கு அவற்றை இசையோடு பயிற்றுவித்தாராம். அந்தக் காலத்தில் ஒலியைப் பாதுகாக்க வேறு கருவி இல்லை; இன்னொருவர் தொண்டைதான் கருவி.

இன்று உங்கள் சட்டைப் பையில் ஒரு கருவி இருக்கிறது. செல்போன் ஒன்றை வைத்துக்கொண்டு விடியோ பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி, அதன் பின்னே என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம். பாட்காஸ்ட் என்ற சொல் 2004ஆம் ஆண்டில்தான் பிறந்தது. இணையத்தில் ஒலிப்பதிவைத் தொடர் தொடராக வெளியிட்டு, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் கேட்கும்படி செய்வதே அது. பேசுபவரின் முகமும் சேர்ந்தால் விடியோ பாட்காஸ்ட். வானொலி நிலையத்துக்கு வேண்டிய உயர்ந்த கோபுரமோ, உரிமமோ இதற்குத் தேவையில்லை.

"சரி, நல்ல காமிரா என்ன விலை?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். என் கருத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் ஒரு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். ஆகவே முதலில் ஒலியைக் கவனிப்போம்.

சுவர்களின் சதி

வெறும் அறை ஒன்றில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலி நீண்டு அடங்குகிறது. நம் பகுதிக் கோடை வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் போதும். இவ்வளவு விரைவில் திரும்பும் ஒலி தனி எதிரொலியாகக் கேட்காது. அது ஆறு பக்கமும் மோதி மோதித் திரும்பி, முன்னே சொன்ன எழுத்தின் வால் பின்னே வரும் எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதனை முழக்கம் எனலாம். நேரில் கேட்கும்போது நம் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து இதை ஓரளவு வடிகட்டிவிடுகின்றன. ஒற்றைக் காது படைத்த மைக்கால் அது முடியாது.

இந்த முழக்கத்தை முதன்முதலாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இளம் ஆசிரியர் வாலஸ் சபின். 1895ஆம் ஆண்டில் அங்கு ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஆளில்லாத மண்டபத்தில் ஒலி அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று! சபின் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்து போட்டு, ஆர்கன் குழலை ஊதச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். பின்னர், உறிஞ்சும் திறனுக்கு அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டது எதை தெரியுமா? திறந்த ஜன்னலை! ஜன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது அன்றோ?

அவர் கண்ட கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் கன அளவை 0.161 என்ற எண்ணால் பெருக்கி, அறையிலுள்ள உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் வினாடிக் கணக்கில் கிடைக்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கன அளவு 36 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சுகிறது. ஆக அத்தனை சுவரும் சேர்ந்து 1.3 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குத்தான் சமம். உள்ளே இருவர் உட்கார்ந்தால் இன்னும் ஒரு சதுர மீட்டர் கூட்டலாம். விடை ஏறத்தாழ இரண்டரை வினாடி. இப்போது பஞ்சு மெத்தைகளையும் கம்பளிகளையும் சுவரோரம் நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, 6 சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமமான உறிஞ்சு பரப்பைச் சேர்த்தால் முக்கால் வினாடிக்கும் கீழே இறங்கிவிடும். கடையில் ஒரு பைசா செலவில்லை. நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் அதுவும் நல்லதே.

அறையே வேண்டாம் என்றால்? புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018ஆம் ஆண்டில் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021ஆம் ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது அது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுவே. அவர்கள் சமைப்பது திறந்த வெளியில். அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. சுற்றிலும் சபின் சொன்ன திறந்த ஜன்னல்தான். அம்மியில் மசாலா அரைபடும் ஓசையும் எண்ணெய் பொரியும் ஓசையும் முழக்கமின்றிச் சுத்தமாகக் காதில் விழுவதற்கு அதுவே காரணம். வெளிச்சத்துக்குச் சூரியன் இருக்கிறது. எளிய இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.

வெளியிலே ஒரு பகை உண்டு. அது காற்று. ஏரிக்கரையில் பதிவு செய்தால் "புஸ் புஸ்" என்று கேட்குமே, அது உண்மையில் தொலைவிலிருந்து வந்த ஒலியே அன்று. மைக்கின் மெல்லிய சவ்வின்மேல் காற்று சுழித்து மோதுவதால் அங்கேயே உண்டாவது. ஆகவே காற்றைச் சவ்வுக்குச் சற்று முன்பே உடைத்துவிட வேண்டும். பஞ்சுபோன்ற நுரை உறை அல்லது மயிர் நிறைந்த உறை போதும். கரையின் உச்சியை விட்டு, காற்றுக்கு மறைவான சரிவில் இறங்கி உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

மைக் எங்கே இருக்க வேண்டும்?

ஒலி பரவும்போது அதன் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. வாயிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் உள்ள மைக்குக்குக் கிடைக்கும் நேர் ஒலியில், 160 செ.மீ. தூரத்தில் உள்ள மைக்குக்கு 64இல் ஒரு பங்குதான் கிடைக்கும். அறையின் முழக்கமோ எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கும். முகமும் தோளும் தெரிய வேண்டுமென்றால் காமிரா ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதே செல்போனின் மைக்கை நம்பினால் பேச்சைவிட அறைதான் அதிகமாகப் பதியும்.

வழி என்ன? சில நூறு ரூபாய்க்குச் சட்டையில் குத்தும் மைக் கிடைக்கிறது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் வகை அது. நிரந்தரமாக மின்னேற்றம் பெற்ற ஒரு மெல்லிய ஏடு அதனுள் அதிர்கிறது. அந்த நூறு ரூபாய்களும் இல்லையென்றால் வீட்டிலுள்ள இன்னொரு செல்போனை ஒலிப்பதிவுக் கருவியாக்கிப் பெரியவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். மைக் துளை மேலே பார்த்திருக்க வேண்டும். துணி உரசக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு கருவிகளில் பதிந்தால் பின்னர் பொருத்த வேண்டுமே? தொடங்குமுன் காமிரா முன்னால் ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். கைகள் சேரும் படமும் "டப்" என்ற ஒலியும் ஒன்றாகும்படி நகர்த்திவிட்டால் மற்றவை தாமாகப் பொருந்தும். நீண்ட பதிவானால் முடிவிலும் ஒரு தட்டு. இரண்டு கருவிகளின் உட்கடிகாரங்களும் இம்மியளவு வேறுபடுவதால் ஒரு மணி நேரத்தில் சற்றே விலகக் கூடும். இதில் ஒரு விந்தை: ஒலி படத்துக்குச் சற்றுப் பிந்தினால் நம் மூளை பொறுத்துக்கொள்கிறது, முந்தினால் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி முதலில் கண்ணுக்குத் தெரிந்து பிறகே காதில் விழுகிறது. ஓசை முன்னால் வருவது இயற்கையில் இல்லவே இல்லை.

கேட்க மட்டும்தானே, முகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1976ஆம் ஆண்டில் மக்கர்க், மக்டொனால்டு என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். "கா" என்று சொல்லும் உதடுகளின் படத்தோடு "பா" என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினால், பலருக்கு அது "டா" போலக் கேட்டது! நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. பல் விழுந்த பெரியவரின் பேச்சுகூட முகத்தைப் பார்த்தால் பாதி கூடுதலாகப் புரிகிறது. அத்துடன், மதகுப் பலகையை எப்படித் தூக்குவது என்பதைக் கையால்தானே காட்ட முடியும்?

வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் கறுத்துவிடும். இரவில் மின்விளக்கில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. காமிரா வினாடிக்கு 30 படம் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றுக்கும் 50இல் ஒரு பங்கு வினாடி என்று அமைத்துவிட்டால் பட்டை மறையும்.

படம் எப்படிச் சுருங்குகிறது?

ஒரு படத்தில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட்டுகள். வினாடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 124 கோடி பிட்டுகள் வரும்! ஒரு மணி நேரப் பேச்சுக்கு 560 ஜிகாபைட் வேண்டும். ஆனால் உங்கள் செல்போன் அதே பேச்சை ஏழெட்டு ஜிகாபைட்டில் முடித்துவிடுகிறது. எப்படி?

இருவர் உட்கார்ந்து பேசும் படத்தில் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. ஆகவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைத்தால் போதும். மீதியுள்ள படத்தைச் சிறு சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் சில அலை வடிவங்களின் கூட்டலாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுகிறார்கள். இதற்கான கணித முறையை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரிடம் ஆய்வு செய்த டி. நடராஜன், கே. ஆர். ராவ். சிதம்பரத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு நடராஜன் என்ற பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை! உலகெங்கும் செல்போனில் ஓடும் படங்கள் பெரும்பாலும் இம்மூவரின் கணக்கின் வழியில்தான் ஓடுகின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கிறது. காமிராவைக் கையில் பிடித்து ஆட்டினால் சுவரும் சேர்ந்து ஆடும், வேறுபாடு பெருகும், படம் கெடும். நான்கு செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்தினாலும் போதும்.

வெளியிடும்போது வினாடிக்கு 40 லட்சம் பிட்டாகச் சுருக்கினால் ஒரு மணி நேரம் 1.8 ஜிகாபைட்டில் அடங்கும். கிராமத்து இணைப்பில் மேலே அனுப்பும் வேகம் வினாடிக்கு 50 லட்சம் பிட் என்று வைத்தால் 48 நிமிடத்தில் ஏறிவிடும். அதே பேச்சின் ஒலியை மட்டும் வினாடிக்கு 64,000 பிட்டில் அமைத்தால் 29 மெகாபைட்டுக்குள்தான். அறுபதில் ஒரு பங்கு! ஆகவே படத்தோடு ஒலியைத் தனியாகவும் வெளியிடுங்கள். மாத இறுதியில் டேட்டா தீர்ந்துபோன வாசகர் உங்களை வாழ்த்துவார்.

முதல் பதிவு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றால் யாருக்கும் பேச்சு வராது. "2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்; கடலூர் மாவட்டத்தில் எவரும் நிறுத்தாமல் பேசுவார். பேசும்போது "ம்", "ஓகோ" என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று வினாடி காத்திருங்கள். சிறந்த செய்தி அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் வருகிறது.

பதிவுக்கு முன் அவர் சம்மதத்தைக் கேட்பது மரியாதை. இது ஊர் முழுவதும், ஏன் உலகம் முழுவதும் போகும் என்பதையும் விளக்க வேண்டும். முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கிவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டாதீர்கள். உரிமை கேட்டு நிறுவனங்களின் கணிப்பொறியே உங்களைக் கண்டுபிடித்துவிடும். தவளைக் கத்தலும் மதகு நீரின் இரைச்சலும் இலவசம்.

இணையத்தில் ஏற்றியதோடு மூலப் பதிவை அழித்துவிடும் வழக்கம் பலருக்கு உண்டு. ஏற்றப்படுவது சுருங்கிய படம். மூலம் போனால் போனதுதான். ஒரு பிரதி கணிப்பொறியில், ஒரு பிரதி தனி வட்டில், இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் பெயர், ஊர், நாள், பொருள் ஆகியவற்றைத் தமிழிலேயே பெயராக எழுதி வையுங்கள். செல்போன் தானாகச் சூட்டும் எண்களை வைத்துப் பத்து ஆண்டுகளுக்குப் பின் யாராலும் எதையும் தேட முடியாது.