டைலன் டாக் (சித்திரக்கதைத் தொடர்)

டைலன் டாக் என்பது 1986 முதல் இத்தாலியில் வெளிவரும் திகில் சித்திரக்கதைத் தொடர். இதை உருவாக்கியவர் எழுத்தாளர் டிசியானோ ஸ்க்லாவி. மிலான் நகரிலுள்ள செர்ஜியோ பொனெல்லி பதிப்பகம் இதை மாத இதழாக வெளியிடுகிறது. பேய்கள், நடமாடும் பிணங்கள், மாய உலகங்கள் எல்லாம் வரும். கூடவே சிரிப்பும் வரும். இது வளர்ந்தவர்களுக்கான தொடர். தமிழில் சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் இதன் சில கதைகளை வெளியிட்டுள்ளது.

கதாநாயகன் டைலன், லண்டனில் கிரேவன் சாலை 7ஆம் எண் வீட்டில் வசிக்கும் முன்னாள் ஸ்காட்லாந்து யார்டு காவலர். மற்றவர்கள் நம்ப மறுக்கும் அமானுஷ்ய வழக்குகளைத் துப்பறிவதே அவர் தொழில். அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் மணியோசைக்குப் பதில் அலறல் கேட்கும்! பேயை எதிர்கொள்ளும் இவருக்கு உயரம் என்றால் பயம். விமானம் ஏற மாட்டார். ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாக இருந்தவர், இப்போது தொடுவதில்லை. இவருடைய முகத்தை ஆங்கில நடிகர் ரூபர்ட் எவரெட்டைப் பார்த்து வரைந்தார்கள். 1994இல் ஸ்க்லாவியின் நாவல் ஒன்று திரைப்படமானபோது அதே எவரெட் அதில் நாயகனாக நடித்தார்.

நகைச்சுவைக்குப் பொறுப்பாளர் உதவியாளர் க்ரூச்சோ. பழைய ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸின் அச்சு அசல்: அதே மீசை, அதே சுருட்டு. பிணம் கிடக்கும் இடத்திலும் அசட்டுச் சிலேடை சொல்வார்; ஆனால் ஆபத்து வரும்போது டைலனை நோக்கித் துப்பாக்கியைச் சரியாக வீசுபவரும் அவரே. இந்தக் கடி ஜோக்குகள் வெறும் இடைவேளை அல்ல. சிரித்து அசந்திருக்கும் நேரத்தில் அடுத்த பக்கத்தின் திகில் இரட்டிப்பாகத் தாக்குகிறது. பல கதைகளில் உண்மையான அரக்கன் பேயல்ல, மனிதன்தான். அமெரிக்கப் பதிப்பில் சட்டச் சிக்கலைத் தவிர்க்க மீசையை அழித்து, க்ரூச்சோவின் பெயரை ஃபீலிக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். மீசை போனதும் பாதி வேடிக்கையும் போயிற்று என்பது என் எண்ணம்.

சிலேடையை மொழிபெயர்க்க முடியாது. அதே இடத்தில் வேறொரு தமிழ்ச் சிலேடையைத்தான் வைக்க வேண்டும். இத்தகைய கதைகளைத் தமிழாக்குவதில் கடினமான வேலை இதுவே.

பேயோடு பேச்சு வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி வேதாளம் கதை சொன்னதை என் தலைமுறை மறக்காது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது சிவகாசி எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல்தான் மாவட்டம் பிரிந்தது. புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்துப் படிக்கப்பட்ட காமிக்ஸை நானும் பிடுங்கி வைத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்த கடற்கரைக் கிராமத்துப் பையன்கள் சிலர் அவற்றைச் சரளமாகப் படித்தார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆனாலும் படக்கதை என்றாலே சிறுவர்க்கானது என்று எண்ணி இத்தொடரைப் பள்ளி நூலகத்தில் அடுக்கிவிடக் கூடாது. இதில் இரத்தமும் மரணமும் காம உறவுகளும் உண்டு. கல்லூரி வயதினர் தாராளமாகப் படிக்கலாம். சிறியவர்களுக்கு இரும்புக்கை மாயாவி இருக்கிறார்.