பிரமிடில் ஏறலாம், சாக்ரடீஸுடன் வாதாடலாம்... ஆனால், அது வரலாறா?

கிசாவின் பெரிய பிரமிடு உச்சியில் ஏறி நின்று, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே கீழே வர முடியுமா? கெய்ரோவுக்கு விமானம் ஏறிப் போனாலும் முடியாது. பிரமிடில் ஏறுவது எகிப்தில் சட்டப்படி குற்றம். ஆனால், 'அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ்' என்ற வீடியோ கேமில் இதை யாரும் தடுப்பதில்லை. பாடப்புத்தகத்தில் சின்னப் படமாகப் பார்த்த பிரமிடு, அங்கே ஏறி விளையாடும் மைதானம்.

இப்படி ஒரு நாட்டையோ தீவையோ முழுதாக உருவாக்கி, 'எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் முதலில் செய்' என்று விட்டுவிடும் விளையாட்டுகளுக்கு 'ஓப்பன் வேர்ல்டு' கேம் என்று பெயர். இவற்றில் பழங்கால உலகத்தைக் களமாகக் கொண்டவைக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 'சும்மா சுடுறது, வெட்டுறது இல்லப்பா... ஹிஸ்டரி கத்துக்கறேன்' என்பது பல வீடுகளில் பிள்ளைகள் சொல்லும் சமாதானம். அதில் எவ்வளவு உண்மை? பேர் பெற்ற நான்கு கேம்களை வைத்துப் பார்க்கலாம். நான்கையும் வெளியிட்டது பிரான்ஸைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம்தான்.

கிளியோபாட்ராவின் எகிப்து

2017 அக்டோபரில் வந்த 'ஆரிஜின்ஸ்' கதை, கி.மு. 49-ல் தொடங்குகிறது. சீவா பாலைவனச் சோலையைச் சேர்ந்த பாயெக் என்ற காவல் வீரன், தன் மகனைக் கொன்றவர்களைத் தேடிப் புறப்படுகிறான். அவன் மனைவி ஆயா, கிளியோபாட்ராவுக்கு நெருக்கமானவள். பாயெக்கும் ஆயாவும் கற்பனை. கிளியோபாட்ரா, அவளோடு அரியணைக்கு மோதும் தம்பி 13-ம் தாலமி, ஜூலியஸ் சீசர் ஆகியோர் நிஜம்.

இந்தக் கேம் அழகாகப் புரியவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கிளியோபாட்ரா வாழ்ந்தபோதே பெரிய பிரமிடுக்கு ஏறக்குறைய 2,500 வயது. அதாவது, பிரமிடு கட்டிய காலத்தைவிட நம் காலத்துக்குத்தான் அவள் நெருக்கமானவள். பாயெக்கும் பிரமிடைப் பழங்காலச் சின்னமாகத்தான் பார்க்கிறான். அரச குடும்பமே எகிப்திய வம்சம் அல்ல, கிரேக்க வழி வந்த மாசிடோனிய வம்சம். ஆளும் கிரேக்கர்களுக்கு ஒரு மரியாதை, மண்ணின் மக்களுக்கு ஒரு மரியாதை என்ற அன்றைய நிலைமையையும் கதை தொட்டுச் செல்கிறது.

பெரிய பிரமிடுக்குள் நுழைந்தால் இன்னொரு சுவாரஸ்யம். பிரமிடின் உள்ளேயே சாய்தளப் பாதை அமைத்துக் கற்களை மேலே ஏற்றினார்கள் என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான்-பியர் ஹூடான் ஒரு கருத்தைச் சொல்லி வருகிறார். அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், கேமைத் தயாரித்தவர்கள் அவர் கருத்தை ஒட்டிப் பிரமிடுக்குள் ரகசிய அறைகளை அமைத்தார்கள். கேம் வெளியான சில நாள்களிலேயே, 2017 நவம்பர் 2-ம் தேதி, பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதாக 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. மியூவான் என்ற அணுத்துகள்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஹூடான் சொன்னது சரி என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனாலும், ரசிகர்கள் புருவம் உயர்த்திய தருணம் அது.

சாக்ரடீஸ் நடமாடும் ஏதென்ஸ்

2018-ல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி'யின் களம் கி.மு. 431. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் 27 ஆண்டுகள் மோதிக்கொண்ட பெலோபொனீசியப் போர் தொடங்கும் நேரம். கசாண்ட்ரா அல்லது அலெக்ஸியோஸ், இருவரில் ஒருவரை நாயகராகத் தேர்ந்தெடுக்கலாம். கூலிக்குப் போர் செய்யும் இவர்கள், ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸின் பேரப்பிள்ளைகள் என்பது கதை.

இதன் பெரிய பலம் நிறம். கிரேக்கக் கோயில், சிலை என்றதும் வெள்ளைப் பளிங்குதான் நினைவுக்கு வரும். உண்மையில், அந்தக் காலத்தில் அவற்றுக்கு நீலம், சிவப்பு என்று வண்ணம் பூசியிருந்தார்கள். காலப்போக்கில் வண்ணம் உதிர்ந்து வெள்ளை மட்டும் எஞ்சியது. ஒடிஸியில் வண்ணத்தோடு நிற்கும் கோயில்களைப் பார்க்கலாம். சாக்ரடீஸ், ஹெரோடோட்டஸ், ஹிப்போகிரட்டீஸ் எல்லோரும் வழியில் வந்து பேசுகிறார்கள்.

சறுக்கல்களும் இங்கேதான் அதிகம். ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ், கி.மு. 429-ல் நகரைச் சூறையாடிய கொள்ளை நோயில் இறந்தார். கேமிலோ அவர் வாளுக்குப் பலியாகிறார். ஒலிம்பிக் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ள அன்று அனுமதி இல்லை. கேமில் கசாண்ட்ரா களமிறங்கி மல்லுக்கு நிற்கிறாள். கிரேக்கப் போர்வீரனின் அடையாளமே கையில் இருக்கும் பெரிய கேடயமும், தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் அணிவகுப்பும்தான். ஒடிஸியின் நாயகருக்குக் கேடயமே கிடையாது, தனி ஆளாகப் படையையே சாய்க்கிறார். மெடூசாவும் ஒற்றைக்கண் அரக்கனும் வேறு வருகிறார்கள்.

கற்காலமும் கடவுள்களும்

2016-ல் வந்த 'ஃபார் க்ரை ப்ரைமல்' நம்மை கி.மு. 10,000-க்குக் கூட்டிப்போகிறது. நகரமும் நாகரிகமும் பிறக்காத காலம். தாக்கர் என்ற வேட்டைக்காரன் ஓநாயையும் கரடியையும் பழக்கி, சிதறிப்போன தன் இனத்தை ஒன்று சேர்க்கிறான். இதில் ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் பேசமாட்டார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஆண்ட்ரூ பேர்ட், பிரென்னா பேர்ட் இருவரும், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூல மொழி பற்றிய ஆய்வை வைத்துப் புது மொழியையே உருவாக்கித் தந்தார்கள். கீழே ஓடும் சப்-டைட்டில்தான் துணை. உழைப்பு பெரிது. ஆனால், அந்த மூல மொழியே கேம் நடக்கும் காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. எனவே, இதை அறிவார்ந்த ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2020-ல் வந்த 'இம்மார்ட்டல்ஸ் ஃபீனிக்ஸ் ரைசிங்' வரலாறு என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. கார்ட்டூன் பாணியில் கிரேக்கப் புராணம். கடவுள்களின் தலைவர் ஜீயஸும் பிரொமிதியஸும் சண்டை போட்டுக்கொண்டே கதை சொல்கிறார்கள். 'இது கட்டுக்கதைதான்' என்று வெளிப்படையாகச் சொல்வதால், குழப்பத்துக்கு இடமில்லை.

வாள் இல்லாத சுற்றுலா

இவ்வளவு உழைத்துக் கட்டிய எகிப்தைச் சண்டை இல்லாமல் சுற்றிப் பார்க்க முடிந்தால்? ஆசிரியர்களிடமிருந்து வந்த இந்தக் கோரிக்கைக்கு விடையாக, 2018 பிப்ரவரியில் 'டிஸ்கவரி டூர்' வெளியானது. ஆரிஜின்ஸின் அதே எகிப்து. எதிரி இல்லை, ரத்தம் இல்லை, நேரக் கெடு இல்லை. வரலாற்று அறிஞர்கள் உதவியோடு தயாரான 75 வழிகாட்டிச் சுற்றுலாக்கள் மட்டும். மம்மி செய்யும் முறை, நைல் நதிப் பாசனம், அலெக்சாண்ட்ரியாவின் கலங்கரை விளக்கம் என ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். 2019-ல் கிரேக்கத்துக்கும் இதேபோல் ஒன்று வந்தது. அதில் ஒவ்வொரு சுற்றுலா முடிவிலும் குட்டி விநாடி வினா உண்டு.

எங்கெங்கே வரலாற்றை மாற்றினோம் என்பதையும் இதில் ஒப்புக்கொள்கிறார்கள். உதாரணமாக, பழங்கால அலெக்சாண்ட்ரியா வகுப்பறையில் சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்து படிக்கும் காட்சி. அது அந்தக் கால வழக்கம் அல்ல, தெரிந்தேதான் வைத்தோம் என்று குறிப்பு சொல்கிறது. மாணவர்களும் பார்ப்பார்கள் என்பதால், நிர்வாணச் சிலைகளைச் சிப்பியால் மறைத்ததும் நடந்தது. சிலர் அதைக் கிண்டலும் செய்தார்கள்.

சரி, இதில் படித்தால் மண்டையில் ஏறுமா? கனடாவின் மான்ட்ரியால் பகுதிப் பள்ளிகளில் ஆய்வு நடந்தது. டிஸ்கவரி டூர் பார்த்த மாணவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனால், அதே பாடத்தை ஆசிரியரிடம் கேட்ட மாணவர்கள் அவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள்.

வாங்கும் முன் கவனிக்க...

* ஆரிஜின்ஸ், ஒடிஸி இரண்டுக்கும் ஐரோப்பாவில் '18 வயதுக்கு மேல்' என்ற முத்திரை உண்டு. கொலைக் காட்சிகள் தாராளம். ப்ரைமலிலும் ரத்தமும் வன்முறையும் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றும் வேண்டாம்.

* இம்மார்ட்டல்ஸுக்கு அமெரிக்காவில் டீன் ஏஜ் முத்திரை. 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் விளையாடலாம்.

* இந்த நான்கும் கம்ப்யூட்டர் மற்றும் கன்சோலுக்காக வந்தவை. போனில் இவற்றின் பெயரில் ஏதாவது 'இலவச டவுன்லோடு' லிங்க் வந்தால் தொடாதீர்கள்.

* ஒடிஸியைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும், உள்ளே நிஜப் பணத்தில் பொருள் வாங்கும் கடை இருக்கிறது. கார்டு விவரங்களைப் பதிந்து வைக்காமல் இருப்பது நல்லது.

* நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஒடிஸியின் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கதையும் சூழலும் ஒன்றோடொன்று இயைந்து வருவதில் ஆரிஜின்ஸ் முதலிடம். பரப்பளவிலும், பார்க்கக் கிடைக்கும் ஊர்களிலும் ஒடிஸி பெரியது, ஆனால் வரலாற்றில் அதிகம் இஷ்டத்துக்கு வளைகிறது. புது அனுபவம் வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு ப்ரைமல். குடும்பமாகச் சிரித்துக்கொண்டே ஆட இம்மார்ட்டல்ஸ். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்று ஆசை என்றால், டிஸ்கவரி டூரை வாங்கிக் கொடுங்கள். கணினிக்குத் தனியாகவும் கிடைக்கிறது.

எதை விளையாடினாலும், வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். கேமில் வந்த ஒரு பெயரை எடுத்து, 'நிஜத்தில் இவருக்கு என்ன ஆச்சு?' என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிக்கிளீஸில் ஆரம்பிக்கலாம். 'ஹிஸ்டரி கத்துக்கறேன்' என்ற சமாதானம் அப்போதுதான் உண்மையாகும்.