ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது! - திருப்பூர் சாயப்பட்டறைகள் மாறிய கதை

வீட்டில் இருக்கும் டி-ஷர்ட், பனியன், குழந்தையின் உள்ளாடை என ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது திருப்பூரில் தைக்கப்பட்டதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பின்னலாடைகளில் பாதிக்கும் மேல் இந்த ஓர் ஊரிலிருந்தே போகின்றன. அந்தத் துணிக்கு அடர் நீலமோ, சிவப்போ ஏற்றுவதற்கு எவ்வளவு உப்பு செலவாகியிருக்கும் தெரியுமா? அடர்த்தியான நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரை கிலோ உப்புகூட வேண்டியிருக்கும்.

அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயம் போட்ட தண்ணீரோடு அப்படியே வெளியேறிவிடும். திருப்பூரில் பல ஆண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடம், நொய்யல் ஆறு. ஓர் ஆற்றையும் அதை நம்பியிருந்த விவசாயிகளையும் அந்த உப்பு என்ன செய்தது, நீதிமன்றம் போட்ட பூட்டு எப்படி ஒரு தொழிலையே மாற்றியது, இன்னும் என்ன பாக்கி இருக்கிறது? மாசுக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

துணிக்கு எதற்கு உப்பு?

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் லேசான எதிர்மின் தன்மை பெறும். சாயத்துக்கும் அதே தன்மைதான். அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைச் சேர்த்தால்தான் சாயம் துணியோடு ஒட்டும். பிறகு சோடா உப்பு சேர்த்து நிறத்தை நிலைக்கச் செய்வார்கள். இத்தனை செய்தும் சாயத்தில் ஒரு பங்கு ஒட்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அதை அலச மறுபடி மறுபடி தண்ணீர் விட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது நிறமும் உப்பும் நிறைந்த கழிவுநீர்.

நிறம் கண்ணுக்குத் தெரியும். அதை நீக்கும் வழிகளும் அப்போதே இருந்தன. ஆனால், கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது; சாதாரண சுத்திகரிப்புக்கு மசியவும் மசியாது. 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியே அங்கே வந்தது. நிறம் குறைந்தது, நாற்றம் குறைந்தது. உப்பு மட்டும் குறையவில்லை. வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதி காகிதத்தில் இருந்தது, உப்பு ஆற்றில் இருந்தது.

அணையில் தேங்கிய சாயம்

நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேரும் ஆறு. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். வழிநெடுகப் பழைய அணைக்கட்டுகள், அவற்றோடு இணைந்த 30-க்கும் மேற்பட்ட குளங்கள் என்று நம் முன்னோர்கள் ஒரு சொட்டையும் வீணாக்காமல் கட்டிவைத்த ஏற்பாடு அது. ஆனால், இது வற்றாத ஆறு அல்ல. மழைக்காலத்தில் ஓடும், மற்ற மாதங்களில் ஒடுங்கிவிடும். கழிவை நீர்த்துப்போகச் செய்ய அதில் போதிய தண்ணீர் கிடையாது. 1980-களில் ஏற்றுமதி சூடு பிடித்து, சாயப்பட்டறைகள் பெருகியபோது, கோடையில் ஆற்றில் ஓடியதில் பெரும்பகுதி கழிவுநீராகவே இருந்தது.

இந்த நேரத்தில்தான் சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டு 1992. 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்ட அணை. கட்டியவர்கள் எதிர்பார்த்தது மழைநீரை. வந்து தேங்கியதோ திருப்பூரின் சாயநீர். சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழானது. 'தண்ணீர் திறந்துவிடுங்கள்' என்று போராடுவதுதான் விவசாயிகள் வழக்கம். இங்கே, 'தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்' என்று போராடினார்கள்.

தேங்கிய உப்புநீர் மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன. பயிர் கருகியது. ஆடு மாடுகள் குடிக்கவும் ஆகாத தண்ணீராக அது மாறியது. நெல்லும் மஞ்சளும் போட்டவர்களில் பலர், உப்பை ஓரளவு தாங்கும் தென்னைக்கும் தீவனப் பயிருக்கும் மாறினார்கள். குடிதண்ணீருக்கு வேறு ஊரைப் பார்க்க வேண்டியதானது.

நீதிமன்றம் போட்ட பூட்டு

'உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்' என்பார்கள். இங்கே உப்புத் தின்றது ஒருவர், தண்ணீர் குடித்தது வேறொருவர். இந்த அநியாயத்துக்கு எதிரான சட்டத் துணை 1996-ல் கிடைத்தது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், 'மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் இந்தக் கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்றது. அதுவரை அபராதம் கட்ட வேண்டும், அணையைச் சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அதே தீர்ப்பு உறுதியானது. கூடுதலாகச் சில மாத அவகாசம் மட்டும் கிடைத்தது.

அந்த அவகாசமும் முடிந்தது. கழிவுநீர் நிற்கவில்லை. விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம், திருப்பூரின் எல்லா சாயப்பட்டறைகளையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்கு மின் இணைப்பு போனது.

திருப்பூர் ஸ்தம்பித்தது. தையல், பேக்கிங் என அடுத்தடுத்த வேலைகள் எல்லாம் சாயம் போட்ட துணி வந்தால்தானே நகரும்? ஏற்றுமதியாளர்கள் துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். செலவும் கூடியது, ஆர்டர்களும் தள்ளிப்போயின. வெளி மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஒரு பக்கம் வயலை இழந்த விவசாயி, மறுபக்கம் வேலையை இழந்த தொழிலாளி. இருவருமே தவறு செய்தவர்கள் அல்ல. கொள்கை முடிவுகளைத் தள்ளிப்போட்டால் கடைசியில் யார் தலையில் விடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

முடியாது என்றது முடிந்தது எப்படி?

அதுவரை 'இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது' என்று சொல்லப்பட்டுவந்த வேலை, பூட்டு விழுந்த பிறகு வேகமெடுத்தது. தமிழக அரசு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் புதிய முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. படிப்படியாக நிலையங்கள் திறக்கப்பட்டன.

இன்று அங்கே நடப்பது இதுதான்:

* பட்டறைகளிலிருந்து வரும் கழிவுநீர் பெரிய தொட்டிகளில் சேரும். நுண்ணுயிரிகளைக் கொண்டு அதிலுள்ள கரிமக் கழிவு நீக்கப்படும், நிறமும் பிரிக்கப்படும்.

* அடுத்து ஆர்.ஓ. நம் வீட்டுச் சமையலறையில் இருப்பதே, பல மடங்கு பெரிய அளவில், பல கட்டங்களாக. இதில் பெரும்பகுதி தண்ணீர் சுத்தமாகித் திரும்பவும் பட்டறைக்கே போகும்.

* வீட்டு ஆர்.ஓ-வில் மிச்சத் தண்ணீரைக் கீழே விட்டுவிடுகிறோம். இங்கே விட முடியாது. கெட்டியான அந்த உப்புநீரின் ஒரு பகுதி சுத்தப்படுத்தப்பட்டு, மீண்டும் சாயம் போடவே பயன்படும். உப்புக்கு உப்பும் ஆயிற்று, தண்ணீருக்குத் தண்ணீரும் ஆயிற்று.

* எஞ்சியதை ஆவியாக்கிகளில் கொதிக்கவைப்பார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகும். உப்பு படிகமாகும். இதில் தனியாகப் பிரித்தெடுக்கப்படும் சோடியம் சல்பேட் மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது.

சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டுக்கு மாறியதும் இந்த ஏற்பாட்டுக்குக் கைகொடுத்தது. ஒரு காலத்தில் ஆற்றில் கொட்டிய உப்பை, இப்போது காசு கொடுத்து வாங்கிய பொருளாகப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

மழை பொய்த்தாலும் ஓடும் மெஷின்

மாசைக் குறைக்கத் தொடங்கிய வேலை, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இன்னொரு பலனையும் தந்தது. திருப்பூர் இயல்பிலேயே வறண்ட பூமி. முன்பு பட்டறைகளுக்குத் தண்ணீர் வந்தது சுற்றியுள்ள கிராமக் கிணறுகளிலிருந்து, லாரி லாரியாக. பிறகு பவானி ஆற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தது.

இப்போது பயன்படுத்திய தண்ணீரே சுழன்று சுழன்று வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 13 கோடி லிட்டர் தண்ணீர் இப்படி மறுசுழற்சியாவதாகத் தொழில் துறையினர் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு ஆறும் கிணறும் தப்பித்தன. பருவமழை ஓர் ஆண்டு கொட்டி, மறு ஆண்டு ஏமாற்றும் காலம் இது. மழையை முழுக்க நம்பியிருக்காத ஒரு தொழில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் தயாராக இருக்கும் தொழில். குறைந்தபட்சம் தண்ணீர் விஷயத்திலாவது.

ஊருக்குள்ளும் மாற்றம் தெரிகிறது. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. திருப்பூரை ஒட்டியுள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்ட்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. சாயநீருக்குப் பெயர்போன ஊரின் ஓரத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன.

இன்னும் தீராத கணக்கு

இதோடு 'சுபம்' போட்டுவிட முடியாது. முதல் பிரச்னை, கலப்பு உப்பு. பல உப்புகள் சேர்ந்து கிடப்பதால் இதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுத்தாயிற்று. ஆனால், அது எங்கேயும் போகவும் இல்லை.

இரண்டாவது, எரிபொருள். தண்ணீரைக் கொதிக்கவைக்க மின்சாரமும் வேண்டும், பாய்லருக்கு விறகும் வேண்டும். ஆற்றில் கலந்த மாசைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பினால் என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானது. உடுமலை, பல்லடம் பக்கம் சுழலும் காற்றாலைகளில் திருப்பூர் நிறுவனங்களும் முதலீடு செய்திருக்கின்றன. மின்சாரத்துக்கு அது பதில். பாய்லருக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது, திருட்டுத்தனம். அனுமதியில்லாமல் இயங்கும் சிறு பட்டறைகள் மழை வரும் நேரம் பார்த்துக் கழிவைத் திறந்துவிடுவதும், நொய்யலில் நுரை பொங்குவதும், அதிகாரிகள் வந்து மின் இணைப்பைத் துண்டிப்பதும் இன்றும் செய்தியாகின்றன. இதோடு ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் கலக்கிறது. சாயப்பட்டறையை மட்டும் சரிசெய்தால் ஆறு சரியாகிவிடாது.

நான்காவது, விலை. ஒவ்வொரு லிட்டரையும் இப்படிச் சுத்திகரிக்க ஆகும் செலவு, துணியின் விலையில் ஏறுகிறது. இந்தக் கட்டாயம் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. பங்களாதேஷ் போன்ற போட்டி நாடுகளிலும் இல்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி விதித்தபோது, ஒரு துணிக்குச் சில ரூபாய் வித்தியாசம்கூட ஆர்டரைத் தீர்மானிக்கும் என்ற நிலை வந்தது. ஒழுங்காக இருப்பவருக்கு நஷ்டம், ஆற்றில் விடுபவருக்கு லாபம் என்றானால் எந்தக் கொள்கையும் நிலைக்காது.

விவசாயிக்கு என்ன கிடைத்தது?

கடைசியாக, வழக்குத் தொடுத்தவர்களின் கதை. ஆணையம் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. கிணறும் வயலும் கெட்டதற்கான விலை அது. நிலத்தடியில் இறங்கிய உப்பைக் கழுவி வெளியேற்றப் பல நல்ல மழைக்காலங்கள் தேவை. ஒரத்துப்பாளையம் அணை, தண்ணீரைத் தேக்கிவைக்கக் கூடாத அணையாகவே நீண்ட காலம் திறந்துகிடந்தது.

தொழில்நுட்பம் 2011-ல் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஆர்.ஓ-வும் ஆவியாக்கியும் அதற்கு முன்பே உலகில் இருந்தவைதான். 1990-களிலேயே இந்த வேலை நடந்திருந்தால், ஓர் அணை வீணாகியிருக்காது. ஆயிரக்கணக்கான கிணறுகள் தப்பித்திருக்கும். பட்டறைகளும் பூட்டைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இன்னும் பல ஆறுகள், பல தொழிற்பேட்டைகளின் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கெல்லாம் நீதிமன்றம் பூட்டுப் போடும் நாள் வரை காத்திருக்கப் போகிறோமா?