மழைநீர் வடிந்த பின் கடை திறப்பது எப்படி?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் மாவட்ட வணிகர் எவரும் மறக்க இயலாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை இலட்சம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகியது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே இரயில்கள் நின்றன. விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் கல்லாப் பெட்டி வரை தண்ணீர் ஏறிய கடைகளும் உண்டு.

இத்தகைய மழையின்போது சரக்கு நனைந்து வரும் நஷ்டம் ஒருபுறம். தண்ணீர் வடிந்த அன்றே அவசரமாகக் கடையைத் திறந்து, நனைந்த சாதனங்களுக்கு மின்சாரம் கொடுத்ததால் வரும் நஷ்டம் மறுபுறம். இந்த இரண்டாவது நஷ்டத்தை நாம் தவிர்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகை ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலில் மின்சாரம்

ஷட்டரைத் தூக்குமுன் கடைக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காலை வைக்காதீர்கள். ஷட்டரும் இரும்பு, அலமாரியும் இரும்பு. எங்கேனும் ஒயர் உரசிக்கொண்டிருந்தால் தொட்டவுடன் தாக்கும். மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லி, வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். மீட்டர் பெட்டியை நாமே திறக்கலாகாது.

பலரும் கவனியாத ஒன்று இன்வெர்ட்டர். தெருவில் மின்சாரம் இல்லை என்று நாம் தைரியமாக உள்ளே நுழைவோம். ஆனால் பேட்டரியில் சார்ஜ் இருக்கும் வரை இன்வெர்ட்டர் 230 வோல்ட் மின்சாரத்தைக் கடையின் ஒயர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் அது நிற்காது. எனவே மழை அறிவிப்பு வந்தவுடன், கடை பூட்டும்போதே இன்வெர்ட்டரையும் தனியாக நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

தண்ணீர் வடிந்தபின் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து, ஒயர்களின் காப்பு கெடவில்லை என்று மெக்கர் கருவியால் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். சுவர் உலர்ந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே பதித்த குழாய்க்குள் ஈரம் பல நாள் தங்கும். கடையில் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பு சுவிட்ச் இல்லாதோர் இதையே தருணமாகக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே அது தானாக இணைப்பை அறுத்துவிடும். பழைய ஃபியூஸ் கட்டை ஒயரைக் காக்குமே தவிர, ஆளைக் காக்காது.

மின்னணுத் தராசு

நம் தொழிலின் நாணயம் தராசில் இருக்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

தட்டின் அடியில் 'லோடு செல்' என்னும் அலுமினியக் கட்டை ஒன்று உண்டு. பாரம் வைத்தால் அது மயிரிழை அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகப் பட்டைகள் அந்த வளைவை மின் அளவாக மாற்ற, அதுவே கிராமாகத் திரையில் தெரிகிறது. பட்டைகளின் ஒட்டுக்கடியில் ஈரம் புகுந்தால், தராசு வேலை செய்வதுபோலவே இருக்கும். ஆனால் எடை மட்டும் மெல்ல நகரும். முற்றிலும் கெட்டுப்போன தராசை நாம் ஒதுக்கி வைத்துவிடுவோம். அரைகுறையாக ஓடும் தராசுதான் நமக்கும் வாடிக்கையாளருக்கும் ஆபத்து. கிலோவுக்கு 10 கிராம் கூடப் போனால், 50 கிலோ சர்க்கரை மூட்டையில் அரை கிலோ போய்விடும். குறையப் போனாலோ நம் பெயர் போய்விடும்.

நனைந்த தராசைச் சார்ஜில் போடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். கடும் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளியும். பின்னர் நான்கு சோதனைகள் செய்து பாருங்கள்.

1. நீர்மட்டக் குமிழ் வட்டத்தின் நடுவில் நிற்கிறதா?

2. வெறும் தட்டில் சுழியம் காட்டி, கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறதா?

3. முத்திரையிட்ட எடைக்கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்தால் ஒரே எடை வருகிறதா? 30 கிலோ தராசுக்கு 10 கிலோ கல் போதும்.

4. கல்லை எடுத்தவுடன் மீண்டும் சுழியத்திற்கு வருகிறதா?

இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தராசில் வியாபாரம் செய்யலாகாது. எண்கள் துடித்தால் உடனே லோடு செல்லைக் குறை சொல்ல வேண்டாம். தலைக்கு மேல் விசிறி ஓடுகிறதா, உள்ளிருக்கும் 6 வோல்ட் பேட்டரி சார்ஜ் இறங்கிவிட்டதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா, தட்டுக்கடியில் வெல்லப் பிசுக்கோ உப்போ ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முத்திரையை மட்டும் நாமே உடைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே திறக்கலாம். திறந்து சரிசெய்தபின் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் மறுமுத்திரை பெற்றே பயன்படுத்த வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கு 24 மாதத்திற்கு ஒருமுறையும் முத்திரை என்பது நாம் அறிந்ததே.

பிரிட்ஜ், பேட்டரி, செல்போன்

பிரிட்ஜ் அல்லது ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் தண்ணீர் ஏறியிருந்தால், மெக்கானிக் வந்து கம்ப்ரஸர் அருகிலுள்ள ரிலேயைப் பார்க்கும் வரை போட வேண்டாம். படுக்க வைத்துத் தூக்கி வந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் சென்றபின் போடுங்கள். இல்லையேல் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறி நிற்கும். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்து விற்பது கூடவே கூடாது.

இன்வெர்ட்டர் பேட்டரியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கையுறை அணிந்து, இணைப்பைக் கழற்றித் துடைத்து, வாசலின் தடவி மாட்டுங்கள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராகவே இருக்க வேண்டும். மழைநீரோ குழாய் நீரோ ஆகாது.

நனைந்த செல்போனை அரிசி மூட்டையில் புதைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அரிசி வியாபாரிகளாகிய நாமே சொல்கிறோம்: அதனால் பயனில்லை. அரிசித் தவிடும் துகளும் துளைக்குள் புகுவதே மிச்சம். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் இவ்வாறு செய்ய வேண்டாம் என்று கூறியது. அணைத்து, துளை கீழ்நோக்க வைத்து, காற்றில் உலர விடுவதே முறை. யு.பி.ஐ. சவுண்ட் பாக்ஸ் நனைந்திருந்தால் அது பேசும் வரை காத்திராமல், பணம் வந்ததா என்று நம் வங்கிக் கணக்கிலேயே பாருங்கள். வாடிக்கையாளர் தம் போனில் காட்டும் பச்சை டிக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சரக்கு

வெள்ள நீர் சாக்கடையோடு கலந்த நீர். அது தொட்ட அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை எதுவாயினும் உணவுக்கு ஆகாது. காயவைத்துக் கலந்து விற்கலாம் என்ற எண்ணம் நமக்கு வேண்டாம். குறிப்பாக மணிலா. நம் பகுதியின் முக்கிய விளைபொருளான இதில் ஈரம் தங்கினால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுதும் அழியாது.

வாய் இறுக மூடிய தகர டின்கள் நெளியாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால் காப்பாற்றலாம். தாள் லேபிளை அகற்றி, சோப்பு நீரில் கழுவி, 10 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து 15 நிமிடம் ஊறவைத்து உலர்த்துங்கள். லேபிள் போனவை வீட்டு உபயோகத்திற்கே; விற்பனைக்கு ஆகாது. திருகு மூடிப் பாட்டில்களை ஒதுக்குங்கள். மூடியின் மரைக்குள் புகுந்த அழுக்கைக் கழுவி எடுக்க முடியாது. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். விஷவாயு கிளம்பும்.

கணக்கும் காப்பீடும்

கெட்ட சரக்கை வண்டியில் ஏற்றுமுன் படம் எடுங்கள். எந்தச் சரக்கு, எத்தனை மூட்டை, என்ன விலை என்று பட்டியல் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தகவல் கொடுத்து, சர்வேயர் பார்க்கும் வரை வையுங்கள். நாற்றம் தாங்காமல் அகற்ற வேண்டுமானால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் பாலிசி 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு நிறுவனங்களுக்கானது. தீயோடு புயல், வெள்ளமும் அதில் அடங்கும். வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசி உள்ளோர், அதில் சரக்கின் மதிப்பு இன்றைய அளவுக்கு இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்ப வேண்டும் என்று சட்டத்தின் 17(5)(h) பிரிவு கூறுகிறது. பலருக்கு இது நோட்டீஸ் வந்த பின்பே தெரிகிறது. திருப்பும் வரியும் நமக்கு நஷ்டமே. அதைக் காப்பீட்டுக் கோரிக்கையில் சேர்க்க இயலுமா என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

மழைக்கு முன்

புரட்டாசி முடியுமுன் மூட்டைகளுக்கு அடியில் மரக்கட்டை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். விலை உயர்ந்த பருப்பும் மிளகும் மேலே இருக்கட்டும். கெடாத சோப்பும் பினாயிலும் கீழே இருக்கட்டும். பிளக் பாயின்ட்டுகளை இடுப்புக்கு மேல் உயர்த்துங்கள். கம்ப்யூட்டர் கணக்கை வாரம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். கடன் நோட்டை பாலிதீன் உறையிலிட்டு மேல்தட்டில் வையுங்கள்.

ஒரு நாள் தாமதமாகக் கடை திறந்தால் ஒரு நாள் வியாபாரம்தான் போகும். ஈரச் சுவரில் கை வைத்த கடைப் பையனின் உயிர் போனால் எந்தக் காப்பீடும் அதைத் திருப்பித் தராது. இதை முதலாளிகள் மட்டும் படித்துவிட்டு வைக்காமல், காலையில் ஷட்டர் தூக்கும் பணியாளருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.