மிச்சக் கணக்கு – 9: 721

போன வாரம் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பார்த்தோம். 2, 3, 4, 5, 6 ஐந்துக்கும் 60. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும். எனக்கு இடம் போதாது.

ஒரு கூடையில் முட்டைகள். இரண்டிரண்டாக எடுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. மும்மூன்றாக, நந்நான்காக, ஐயைந்தாக, அவ்வாறாக எடுத்தாலும் அதே ஒன்று. ஏழேழாக எடுத்தால் மட்டும் கூடை காலி. எத்தனை முட்டை?

ஏழை மறைத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் இருக்கும் தங்கை மகளிடம் கேட்டேன். 61 என்பாள் என்று பார்த்தால், "ஒண்ணு மாமா. ஒரு முட்டைய எப்படி ரெண்டு ரெண்டா எடுப்பீங்க? அதுவேதான் மிஞ்சும்" என்றாள். அவள் சொன்னது சரி. மிஞ்சுகிற ஒன்றை ஓரமாக வைத்துவிட்டால், கூடையில் இருப்பது 60-ன் மடங்கு. சுழியமும் 60-ன் மடங்குதானே! வினாத்தாள் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இப்போது ஏழைக் கொண்டுவருவோம். 61-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. 121-க்கு 2. 181-க்கு 6. 241-க்கு 3. 301-க்கு மீதி இல்லை. விடை 301. பிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலிலும் இந்தக் கணக்கு உண்டு, விடையும் இதேதான். இத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த வகைக்குப் போவதாகத்தான் திட்டம்.

போகவிடாமல் பிடித்துக்கொண்டவர் இப்னு அல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ஒளியியலுக்குப் பேர்போனவர். நைல் நதியைக் கட்டுப்படுத்துகிறேன் என்று கலீபா அல் ஹாகிமிடம் வாக்குக் கொடுத்தாராம். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நடக்காத காரியம் என்று புரிந்ததாம். தலை தப்ப வேண்டுமே; கலீபா சாகும்வரை பைத்தியம்போல நடித்தார் என்று கதை சொல்வார்கள். அந்த மனிதர் ஆயிரம் வருடங்களுக்கு முன் இதே கணக்கை எடுத்துக்கொண்டு, மீ.சி.ம.வைத் தொடாமலே ஒரு விடை சொன்னார்: 1 முதல் 6 வரை எல்லாவற்றையும் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. 720 + 1 = 721.

2 முதல் 6 வரை எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும், அதில் வியப்பில்லை. ஆனால் 7 × 103 = 721! ஏழு எப்படி வந்து பொருந்தியது? தற்செயலா என்று நானும் போட்டுப் பார்த்தேன். நான்கு வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 25, ஐந்தால் வகுபடுகிறது. பத்து வரை போனால் 3628801, பதினொன்றால் வகுபடுகிறது. ஐந்து வரை பெருக்கினால் 121. ஆறு அதைத் தொடவில்லை. பகா எண்ணுக்கு மட்டுமே இந்தச் சலுகை. ஹைதமுக்கு எழுநூறு வருடங்களுக்கும் மேல் பிந்திய வில்சன் பெயரில்தான் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

301-க்கும் 721-க்கும் இடைவெளி 420. அது 60, 7 இரண்டின் மீ.சி.ம. அதாவது ஹைதம் சொன்னது இரண்டாவது விடை.

இன்னொரு வகையை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டால் வகுத்தால் 1, மூன்றால் 2, நான்கால் 3, ஐந்தால் 4, ஆறால் 5 மீதி. ஏழால் மீதி இல்லை. மீதிகள் வேறு வேறுதான், ஆனால் எல்லா இடத்திலும் குறைவது ஒன்றே ஒன்று. ஆகவே 60-ன் மடங்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 59 ஏழால் வகுபடாது, 119 வகுபடும்.

மீதியும் ஒன்றாக இல்லை, குறைவும் ஒன்றாக இல்லை என்றால் என்ன செய்வது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 629-இல் ஆரியபடீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் கேட்கிறார்: எட்டால் வகுத்தால் 5, ஒன்பதால் 4, ஏழால் 1 மிஞ்சும் எண் எது? தங்கை மகள் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். நீங்களும் போட்டு வையுங்கள், அடுத்த வாரம் ஆரியபடரின் குட்டகம் என்ற முறையோடு வருகிறேன்.