850 கச்சேரிகள்... ஒரே ரசிகர்!

கூட்டத்தில் அவரைத் தேடவே வேண்டியதில்லை. உயரம் 6 அடி 11 அங்குலம். ஆயிரக்கணக்கானோர் நின்று ஆடும் மைதானத்தில் ஒரே ஒரு தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரியும். வண்ணச் சாயம் தோய்த்த டி-ஷர்ட், இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தியபடி, கண்களை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கும் முகம். மேடையில் இருப்பவர்களுக்கே அது நன்கு பழகிய முகம்.

அவர் பில் வால்டன். அமெரிக்கக் கூடைப்பந்து உலகின் பெரும்புள்ளி. 1977-ல் போர்ட்லாண்ட் அணிக்கும் 1986-ல் பாஸ்டன் அணிக்கும் ஆடி என்.பி.ஏ கோப்பையை வென்றவர். 1978-ல் அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். ஆனால், தன்னை அவர் அறிமுகம் செய்துகொண்ட விதம் வேறு. 'நான் ஒரு டெட்ஹெட்' என்பதுதான் அவருக்கு முதல் அடையாளம்.

'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் ரசிகர்களுக்குத்தான் 'டெட்ஹெட்' என்று பெயர். 1967-ல், பள்ளி மாணவனாக அந்தக் குழுவின் கச்சேரிக்கு முதன்முதலில் போனார் வால்டன். 2024 மே மாதம், தன் 71-வது வயதில் இறக்கும்வரை அவர் போன கச்சேரிகள் அவருடைய கணக்கிலேயே 850-க்கும் மேல்!

ஒரே குழுவை, அதே பாடல்களை, 850 தடவை கேட்க ஒரு மனிதருக்கு என்ன இருக்கிறது?

நேற்றுபோல் இன்று இல்லை

1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு இது. கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாதான் அதன் முகம். 1995 வரை, 30 ஆண்டுகளில் 2,300-க்கும் அதிகமான கச்சேரிகள். இவ்வளவு மேடை ஏறிய குழுவிடம் இன்று என்ன பாடப்போகிறோம் என்ற பட்டியல் இருந்ததில்லை. முதல் பாடல் முடியும்போதுதான் அடுத்த பாடல் என்னவென்று அவர்களுக்கே தெரியும். நேற்று 6 நிமிடம் ஓடிய பாடல் இன்று 20 நிமிடம் ஓடலாம். பாதியில் வேறு பாடலுக்குள் நழுவி, அரை மணி நேரம் கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பியும் வரலாம்.

கர்னாடக இசைக் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கேட்டுப் பழகிய ராகம்தான். ஆனால், இன்று பாடகரின் மனோதர்மம் எங்கே கூட்டிப்போகும் என்பதைக் கேட்கத்தானே முன்வரிசையில் போய் உட்காருகிறார்கள்? டெட்ஹெட்களும் அதற்காகத்தான் ஊர் ஊராகப் போனார்கள். முதல் நாள் கேட்டவர்கள் இரண்டாம் நாளும் வந்தார்கள். காரணம், இரண்டாம் நாள் நடப்பது வேறு கச்சேரி.

சொதப்பலான இரவுகளும் நிறைய உண்டு. வரிகளை மறப்பார்கள், சுருதி விலகும், ஒருவர் ஒருபக்கம் இழுக்க இன்னொருவர் வேறுபக்கம் போவார். ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. தடுமாறுகிற குழுவுக்குத்தான் திடீரென்று எல்லாம் கூடிவரும் அந்தப் பத்து நிமிடமும் வாய்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வால்டனுக்கு இதில் தன் ஆட்டமே தெரிந்தது. ஐந்து பேர், ஒரு பந்து. அடுத்த நொடி யார் எங்கே ஓடுவார் என்பது எழுதிவைத்ததல்ல. பக்கத்தில் இருப்பவரைக் கவனித்துக்கொண்டே ஆட வேண்டும். கூடைப்பந்தையும் இந்தக் குழுவின் இசையையும் அவர் கடைசிவரை ஒன்றாகவே பேசினார். பாஸ்டன் அணியில் இருந்தபோது லாரி பேர்ட் உள்ளிட்ட சக வீரர்களையும் கச்சேரிக்கு அழைத்துப்போனார்.

1978 செப்டம்பரில் எகிப்தின் கிசா பிரமிடுகளின் அடிவாரத்தில் மூன்று இரவுகள் வாசித்தது குழு. மூன்றாம் இரவில் முழுச் சந்திர கிரகணம். காயத்தால் ஆட முடியாமல் இருந்த வால்டனும் அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

'பதிவு செய்துகொள்ளுங்கள், விற்காதீர்கள்!'

கச்சேரியில் யாராவது டேப்ரிக்கார்டரை நீட்டினால், பிடுங்கி வெளியே அனுப்புவதுதான் அந்தக் கால வழக்கம். கிரேட்ஃபுல் டெட் அதற்கு நேர் எதிராகச் செய்தது. 1984-ல், மைக் கம்பத்தோடு வருகிற ரசிகர்களுக்கென்றே ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியது. ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பெரிய கொடுக்கல் வாங்கல். காலி கேசட்டையும் திருப்பி அனுப்பத் தபால் தலையையும் அனுப்பினால் போதும். முகம் தெரியாத ஒருவர் கச்சேரியைப் பதிவு செய்து அனுப்பிவைப்பார். வாங்கியவர் இன்னும் நாலு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பார். இப்படி வீடு வீடாக அலமாரிகள் நிரம்பின. தேதியைச் சொன்னாலே அன்றைக்கு எந்தப் பாடலில் ஆரம்பித்தார்கள் என்று ஒப்பிக்கிற ரசிகர்கள் உருவானார்கள்.

1977 மே 8-ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கான்டர்-ஜாக்ஸன் பதிவு செய்த அந்த இசை, ரசிகர்களின் கை மாறிக் கை மாறிப் பரவியது. முறையான ஆல்பமாக அது வெளிவந்தது 2017-ல்தான். ஆனால், அதற்கு முன்பே, 2012-ல் அறிவித்த பட்டியலில், நாடு பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்துவிட்டது. கடையில் விற்பனைக்கே வராத ஒரு பதிவுக்கு இந்த மரியாதை!

இலவசமாகக் கொடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு இந்தக் குழுவின் மைதானங்களே பதில். கேசட்டில் கேட்டவர்கள் நேரில் கேட்க வந்தார்கள்.

தபாலில் வந்த டிக்கெட்

1983-லிருந்து குழுவே தபால் வழியாக டிக்கெட் விற்கத் தொடங்கியது. மணியார்டர், வேண்டிய நாளை எழுதிய ஒரு சிறு அட்டை, தன் விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய உறை... இவற்றை அனுப்பிவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். உறை கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ரசிகர்கள் அதன்மேல் ரோஜாப்பூக்களும் எலும்புக்கூடுகளும் ஆடும் கரடிகளும் வரைந்து அனுப்பினார்கள். அலுவலகத்துக்கு வந்து குவிந்த அந்த உறைகளே ஒரு ஓவியக் கண்காட்சி ஆயின.

2015-ல், குழுவின் 50-வது ஆண்டை ஒட்டி எஞ்சியிருந்த உறுப்பினர்கள் ஒன்றுகூடியபோதும் இதே முறை திரும்பியது. ஒரு விரல் தட்டினால் டிக்கெட் கிடைக்கிற காலத்தில், 60,000-க்கும் மேற்பட்ட உறைகள் தபாலில் வந்து சேர்ந்தன.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. வாசலில் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார்கள். 'ஒரு டிக்கெட் அதிகம் இருந்தால் கொடுங்கள்' என்பது அதன் பொருள். அப்படிக் காசு வாங்காமல் யாராவது கையில் திணித்துவிட்டுப் போகிற டிக்கெட்டுக்கு 'அற்புதம்' என்றே பெயர்.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சந்தையே கூடியிருக்கும். சாயம் தோய்த்த சட்டைகள், கோத்த மணிமாலைகள், சுடச்சுடச் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி. இங்கே விற்கும் காசில்தான் பலர் அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட்டார்கள்.

மஞ்சள் பலூனின் கீழே

இந்தக் கூட்டத்தில் போதைப்பொருள்கள் தாராளமாகப் புழங்கின என்பதை மறைக்க முடியாது. வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உண்டு. பழக்கத்தை விட்டவர்களுக்கோ வேறொரு சிக்கல். கச்சேரிக்குப் போனால் மறுபடி சறுக்கிவிடுவோமோ என்ற பயம். அதற்காக இசையையே துறந்துவிட முடியுமா?

ரசிகர்களே வழி கண்டார்கள். இடைவேளையில் மைதானத்தின் ஓர் இடத்தில் மஞ்சள் பலூன்களைக் கட்டுவார்கள். போதையை விட்டவர்கள், விட நினைப்பவர்கள் எல்லோரும் அங்கே கூடி ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். பிறகு, அடுத்த பாதிக்குத் தெளிந்த மனதோடு திரும்புவார்கள். 'வார்ஃப் ராட்ஸ்' என்ற இந்தக் கூட்டத்தைப் பார்த்து, பிற குழுக்களின் ரசிகர்களும் தங்களுக்கென்று இப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

காது கேளாத ரசிகர்களுக்கும் இடம் இருந்தது. மேடை தெரியும் பகுதியில் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் பாடல்களைக் கைகளால் சொல்ல, அவர்கள் தாளத்தின் அதிர்வை உடலால் உணர்ந்து ஆடினார்கள்.

தாளம் என்றதும் ஒரு தமிழ்ச் செய்தியும் உண்டு. இந்தக் குழுவின் டிரம் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், உலகத் தாளக் கலைஞர்களைச் சேர்த்து 1991-ல் வெளியிட்ட ஆல்பம் 'பிளானட் டிரம்'. தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கான முதல் கிராமி விருதை வென்ற ஆல்பம் அது!

வேலி உடைந்த நாள்

1987-ல் 'டச் ஆஃப் கிரே' பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 22 வருடங்கள் கழித்து வந்த அந்த வெற்றியே குழுவுக்குப் பாரமானது. இசைக்காக வந்தவர்களைவிட, வெளியே நடக்கும் திருவிழாவுக்காக வந்தவர்கள் பெருகினார்கள். 'டிக்கெட் இல்லாதவர்கள் தயவுசெய்து வராதீர்கள்' என்று குழுவே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது.

1995 ஜூலை 2, இண்டியானா மாநிலம். உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருக்க, டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். கற்களும் பாட்டில்களும் பறந்தன. போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. மறுநாள் கச்சேரி ரத்தானது. இப்படியே போனால் இனி ஊர் ஊராக வர முடியாது என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது குழு. அந்தக் கடிதத்தில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. கேசட்டையும் டிக்கெட்டையும் நம்பிக் கொடுத்த ஓர் உறவு அங்கே விரிசல் கண்டது.

ஜூலை 9-ம் தேதி சிகாகோவில் நடந்ததுதான் கடைசிக் கச்சேரி என்று அன்று யாருக்கும் தெரியாது. ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 9 அன்று ஜெர்ரி கார்சியா மாரடைப்பால் இறந்தார். வயது 53. அடுத்த ஆண்டு, அவரது அஸ்தியின் ஒரு பகுதி ரிஷிகேஷில் கங்கையில் கரைக்கப்பட்டது. டெட்ஹெட்களுக்குக் கோடை வந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

மீதமிருந்தவர்கள் வெவ்வேறு பெயர்களில் மறுபடி மேடை ஏறினார்கள். வால்டனும் மறுபடி கிளம்பினார்.

தரையில் கிடந்த காலம்

அவருடைய உடல் அவருக்கு எப்போதும் ஒத்துழைத்ததில்லை. பாத எலும்புகள் திரும்பத் திரும்ப முறிந்து, ஆட்டத்தின் உச்சத்தில் பல பருவங்கள் வீணாயின. வாழ்நாளில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். சிறு வயதிலிருந்தே திக்குவாய். 28 வயதுக்கு மேல் பயிற்சி எடுத்து அதை வென்று, பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளராகவே புகழ்பெற்றார் என்பது தனிக் கதை.

2008 வாக்கில் முதுகெலும்பு முற்றிலும் குலைந்தது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. வீட்டுத் தரையில் படுத்தபடியே நாள்கள் போயின. சாப்பாடும் தரையில்தான். இனி வாழ வேண்டாம் என்று நினைத்த நாள்கள் உண்டென்று பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2009-ல் நடந்த பெரிய அறுவை சிகிச்சையும், கூடவே நின்ற குடும்பமும் நண்பர்களும் அவரை எழுப்பி உட்காரவைத்தார்கள். 2016-ல் வந்த தன் வரலாற்று நூலுக்கு அவர் வைத்த தலைப்பு, 'பேக் ஃப்ரம் தி டெட்'. சாவிலிருந்து மீண்டவன் என்றும் படிக்கலாம். டெட் கச்சேரியிலிருந்து வந்தவன் என்றும் படிக்கலாம்.

எழுந்து நின்றதும் மறுபடி கச்சேரிகள். முன்னாள் உறுப்பினர்களின் 'டெட் அண்ட் கம்பெனி' குழுவோடு ஊர் ஊராக, பழைய உற்சாகத்தோடு.

2024 மே 27 அன்று புற்றுநோயால் அவர் இறந்தபோது, அந்தக் குழு லாஸ் வேகாஸில் 'ஸ்பியர்' அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தது. உள்கூரை முழுவதும் திரையாக விரியும் பிரமாண்டமான உருண்டை அரங்கம் அது. அடுத்த சில நாள்களில் நடந்த கச்சேரியில், பாடலுக்கு நடுவே அந்தத் திரையில் வால்டன் தோன்றினார். சாயம் தோய்த்த சட்டை, உயர்த்திய கைகள், அதே சிரிப்பு.

57 வருடங்களாக மேடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ரசிகர் அவர். அன்று மேடையில் இருந்தவர்கள் வாசிக்க, அரங்கமே அவரை அண்ணாந்து பார்த்தது.