ஆறு கைக்கு ஒரு சஹன்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே புதுமை என்பதே பொருள். புதியராய் வந்தவர் விருந்தாயினர். அவருக்கு இட்ட சோறு பின்னரே அப்பெயரைப் பெற்றது. ஆகவே ஒரு விருந்தின் தரத்தை அறிய விரும்புவோர் அங்கே பரிமாறப்பட்ட கறிவகைகளை எண்ணுவதிலும் பார்க்க, முன்பின் அறியாத ஒருவரை அங்கே எவ்விடத்தில் அமர்த்துகிறார்கள் என்று நோக்குவதே தகும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நம் முஸ்லிம் சகோதரர் இடும் சஹன் விருந்தை இக்கண்கொண்டு பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலர். திருகோணமலையிலே பிறந்து வளர்ந்த இந்துக்களிற் பலர் அதன் மணத்தை அறிவர். அதன் முறையை அறிந்தாரில்லை.

சஹன் என்பது அரபுச் சொல். தட்டு என்பது பொருள். பேச்சு வழக்கிலே சகன் என்றும் சவன் என்றும் திரியும். தட்டின் பெயர் அதில் இட்ட சோற்றுக்கும், பின்னர் அதனைச் சூழ்ந்து அமர்வோர் கூட்டத்துக்கும் ஆகி வந்தது. கலியாண வீட்டாரிடம் விருந்து எப்படி என்று வினவினால், இத்தனை பேர் வந்தனர் என்று சொல்லமாட்டார்கள். நூறு சஹன் போட்டோம் என்பார்கள். அறுநூறு பேர் உண்டனர் என்று நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்பது கணக்கு.

தரையிலே பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரிப்பர். அறுவர் வட்டமாக அமர்ந்ததும், இளைஞன் ஒருவன் நீர்ப்பாத்திரமும் அகன்ற கோப்பையுமாக வந்து, இருந்த இடத்திலேயே ஒவ்வொருவர் கைக்கும் நீர் வார்ப்பான். எழுந்து சென்று குழாயைத் தேடும் தொல்லை விருந்தினருக்கு இல்லை. பின்னர் மூடியிட்ட பெருந்தட்டு நடுவே வந்து இறங்கும். மூடியைத் திறந்தால் நெய்ச்சோறோ மஞ்சட் சோறோ புரியாணியோ குன்றுபோற் குவிந்திருக்கும். கோழி, மாட்டிறைச்சி, கத்தரிக்காய், பருப்பு, அச்சாறு முதலியன சிறு பாத்திரங்களில் உடன் வரும்.

இனித்தான் முறை தொடங்குகிறது. இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குக, வலக்கையால் உண்க, உனக்கு அண்மையில் உள்ளதை உண்க என்பது நபிகள் நாயகம் ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று பாடங்கள். இம்மூன்றாவது பாடத்தின்மேலேயே சஹன் முழுவதும் நிற்கின்றது. தட்டிலே கோடு ஏதும் இல்லை. ஆனால் ஆறு கோடுகள் கிழித்தாற்போல ஒவ்வொருவர் கையும் தன் பாகத்திலேயே இயங்கும். அயலவன் பாகத்தில் ஒரு பருக்கையைத் தொடாது. இறைச்சி நடுவிலே இருக்கும். அதனைப் பெரும்பாலும் வயதில் மூத்தவர் பிய்த்து, இளையவர் பக்கமாகத் தள்ளி வைப்பார். நல்ல துண்டு தன் பக்கம் வந்துவிட்டால் அதை அயலவன் பக்கம் நகர்த்துவதும், அவன் அதைத் திரும்ப நகர்த்துவதுமாக ஒரு சிறு போர் நடப்பதுண்டு. அதுவும் விருந்தின் ஒரு சுவை.

சோற்றுக்கும் கறிக்கும் அங்கே அளவு கிடையாது. பரிமாறுவோர் வாளியும் அகப்பையுமாக வரிசையிடையே நடந்துகொண்டே இருப்பர். குன்று சரியச் சரிய மேலே இடுவர். போதும் என்ற சொல்லைக் கேட்டும் கேளாதவர்போல ஒருமுறை இட்ட பின்னரே நகர்வர். ஈற்றிலே வட்டிலாப்பம் வரும். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரும் வந்துவிட்டால், எழுந்திருப்பதற்கு அயலவர் தோளைப் பிடிக்க வேண்டியதுதான்.

துறைமுகத்தின் வரலாற்றை அத்தட்டிலேயே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தட்டின் பெயர் அரபு. அச்சாறும் வட்டிலாப்பமும் மலாய்க்காரர் வழியாக வந்தவை என்பர். உண்போர் பேசும் மொழியோ தமிழ். கப்பலேறி வந்தவை யாவும் ஆறு கைகளுக்கு நடுவே சோறாகி இருக்கின்றன.

அளவில்லாத விருந்து உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. இன்று பெருநகரங்கள் பலவற்றிற் புகழ்பெற்றது பிறேசில் தேசத்து இறைச்சி விருந்தாகும். அதன் பிறப்பிடம் அந்நாட்டின் தென்கோடியிலுள்ள றியோ கிறாண்டே டோ சுல் மாநிலம். அங்கே பரந்த புல்வெளிகளில் மாடு மேய்த்த கவுச்சோக்கள் என்னும் இடையர், நிலத்திலே நெருப்பு மூட்டி, பெரிய துண்டங்களைக் கம்பியிற் கோத்து, கல்லுப்பு ஒன்றே சேர்த்துத் தணலில் வாட்டி உண்டனர். அதுவே பின்னர் உணவுச்சாலையாயிற்று. 1979ஆம் ஆண்டில் அம்மாநிலத் தலைநகராகிய போர்ட்டோ அலெக்ரேயில் தொடங்கிய ‘ஃபோகோ டி சாவோ’ என்னும் சாலை, 1997இல் அமெரிக்காவின் டலஸ் நகரிலே கிளை திறந்தது. ‘நிலத்து நெருப்பு’ என்பதே அப்பெயரின் பொருள்.

இத்தகைய சாலைகளிற் பரிமாறும் முறைக்கு ‘ரொடீசியோ’ என்று பெயர். சுற்றிச் சுற்றி வருதல் என்பது கருத்து. ஒரே விலை கொடுத்து அமர்ந்துவிட்டால், கம்பியும் கத்தியுமாகப் பரிமாறுவோர் மேசை மேசையாக வந்து, கேட்கக் கேட்க அறுத்து இடுவர். மாட்டின் பின்தொடைமேற் பாகத்தைக் கொழுப்போடு வளைத்துக் கோத்த ‘பிக்கான்யா’ அவற்றிலே முதன்மையானது. ஒவ்வொருவர் முன்னும் ஒரு சிறு வட்டத் தகடு இருக்கும். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் இன்னும் கொணர்க. சிவப்புப் பக்கம் இருந்தால் வேண்டா. ஒரு சொல்லும் பேசாமல் வயிறு நிரம்பிவிடும். அந்தத் தகட்டைப் பற்றி முதன்முதல் அறிந்தபோது, நம் பரிமாறும் பிள்ளைகளிடம் அதனைக் கொடுத்தால் சிவப்பைக் கண்டும் ஒரு அகப்பை இட்டுவிட்டே போவார்களென்று எண்ணிச் சிரித்தேன்.

இவ்விரண்டும் அளவற்ற விருந்துகளே. ஆயின் நிறுத்துகின்ற கை வேறு. அங்கே ஒருவன் தன் தகட்டைத் தானே புரட்டுகிறான். அயலவன் உண்டானா, இல்லையா என்பது அவனுக்கு ஒரு பொருட்டன்று. இங்கே தட்டு ஒன்றாகையால் ஒருவன் வேகம் ஐவரைத் தாக்கும். வேகமாக உண்பவன் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறான். மெல்ல உண்பவன் பசியோடு எழாதபடி, முடித்தவரும் கையை எடுக்காது இரண்டு பருக்கையை அளைந்துகொண்டிருப்பர்.

வேறொரு வேறுபாடும் உண்டு. அதனை நான் நூலிற் படித்தேனல்லன். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய மாணவன் ஒருவனுடைய கலியாணத்துக்குக் கிண்ணியா சென்றிருந்தேன். மணமகன் வீட்டார் இடும் வலீமா விருந்து. இந்துக்கள் வந்தால் தனி மேசையில் தனிச் சாப்பாடு வைப்பது அங்குள்ள வழக்கம். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்றும், சஹனிலேயே அமர விரும்புகிறேன் என்றும் மாணவனிடம் முன்னரே சொல்லியிருந்தேன். வாசலிலே அவன் தந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டு, “சேர், உங்கட சஹனில மாடு இல்ல, கோழியும் மீனுந்தான். புறம்பான கிடாரத்தில ஆக்கியிருக்கு. யோசியாமல் இருங்க” என்றார்.

அமர்ந்த பின்னரே எனக்கு அதன் முழுப் பொருளும் விளங்கிற்று. என் சஹனில் மாடு இல்லையென்றால், என்னோடு அமர்ந்த ஐவருக்கும் மாடு இல்லை! வலைத்தொழில் செய்யும் முதியவர் ஒருவர், கடைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், இளைஞர் இருவர். அடுத்த சஹனில் இறைச்சி ஆவி பறக்க இறங்குகிறது. இளைஞரில் ஒருவன் கண் அப்பக்கம் ஓடி மீண்டதை அம்முதியவர் கண்டுகொண்டார். “மகன், இறைச்சி நாளைக்கும் திண்ணலாம், சேர் இண்டைக்குத்தானே வந்திருக்கார்” என்றார். யாவரும் சிரித்தோம். அவன்தான் முதலிற் கோழித் துண்டொன்றை என் பக்கம் நகர்த்தியவன்.

பிறேசில் முறையிலே, வேண்டாத கம்பி வந்தால் தலையை அசைத்து அப்பாற் போகவிடலாம். எவருக்கும் நட்டமில்லை. சஹனிலோ ஒருவன் விலக்கு அறுவருக்கும் விலக்கு. இதனை இடர் என்று கொள்வாரும் உளர். தனித்தனித் தட்டிலே எனக்குக் கோழியும் அவர்களுக்கு மாடும் இட்டிருந்தால் எவரும் எதனையும் இழந்திரார் என்பது சரியான கணக்கே. ஆனால், அவ்விளைஞனை இன்று கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்; நான் உண்ட எத்தனையோ கலியாணப் பந்திகளில் என் வலப்புறத்தில் இருந்தவர் யாரென்று கேட்டால் தெரியாது.

பந்தி என்றதும் நம் வழக்கத்தையும் சற்று நோக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இலை என்பது தூய்மையான முறைதான். எச்சில் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரோடியிருக்கிறது. தாய் தன் பிள்ளையின் எச்சிலை உண்பாள். அதற்கு அப்பால் ஒரு தட்டில் இரு கை படுவதை நாம் பொறுப்பதில்லை. என் தாயார் சஹன் முறையைக் கேட்டு, “அதெப்படி?” என்று முகத்தைச் சுளித்தார். முகம் சுளித்ததை நான் குறைகூறேன். ஆனால் இலைக்கும் இலைக்கும் இடையே விட்ட அந்தச் சாண் இடைவெளி, எச்சிலுக்காக மட்டும் விடப்பட்டதன்று. இன்னார் இந்தப் பந்தியில், இன்னார் அடுத்த பந்தியில், இன்னார் முற்றத்தில் என்ற ஒழுங்கும் அதனோடு வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலே 1920களின் பிற்பகுதியில் ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற குரல் எழுந்து, பாடசாலையிற் பிள்ளைகளைச் சமமாக அமர்த்துவதற்கே பெரும் போராட்டம் நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க் கடைகளிற் சிலருக்குத் தனிக் குவளை இருந்தது. ஒரு தட்டை அறுவருக்கு வைக்கும் வழக்கத்திலே தனிக் குவளைக்கு இடமேது?

இதனாற் சஹனைச் சூழ்ந்தவர் யாவரும் எல்லா வகையிலும் சமமென்று நான் சொல்லவரவில்லை. செல்வர் செல்வரைத் தேடியும் நண்பர் நண்பரைத் தேடியும் அமர்வதை அங்கேயும் கண்டிருக்கிறேன். பெண் கொடுக்கும் வேளை வரும்போது குலமும் பொருளும் பார்க்கப்படும். சமத்துவம் தட்டோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆயினும் நால்வர் அமர்ந்த சஹன் திறக்கப்படுவதில்லை. “இன்னும் ரெண்டு பேர்” என்று பரிமாறுவோர் கூவி, வாசலில் நிற்பவர் எவராயினும் அழைத்து வந்து நிரப்புவர். சுமை தூக்குபவரும் முதலாளியும் அவ்வாறே ஒருங்கு சேர்கின்றனர்.

என் இளமையிலே கிண்ணியாவுக்குப் போவதென்றால் ‘பாதை’ ஏற வேண்டும். மிதவையை இப்பக்கத்தார் பாதை என்றே சொல்வர். யுத்த காலத்தில் அந்தச் சிறிய நீர்ப்பரப்பு பெருங்கடலாகிப் போனதை நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கிண்ணியாவைச் சூறையாடியது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் வீடுகளை விட்டுக் கால்நடையாக வெளியேறினர். அக்காலத்திலே கலியாண அழைப்பிதழ்கள் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவது அருகிற்று. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. இப்பொழுது பத்து நிமிடத்துக்குள் துறையைக் கடந்துவிடலாம். அழைப்பிதழ்களும் மெல்ல மெல்லக் கடக்கின்றன.

ஆனால் சஹனுக்கு வேறு இடையூறு வந்துள்ளது. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு தட்டிற் பல கை என்பது ஆபத்தாயிற்று. சோறு பொதியாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. பிறேசிலின் தென்பகுதியிலும் இதே சங்கடம் நேர்ந்தது. அங்குள்ளோர் ‘மாத்தே’ என்னும் மூலிகைப் பானத்தைச் சுரைக்குடுவையில் ஊற்றி, ஒரே உலோகக் குழலால் மாறி மாறி உறிஞ்சுவர். எச்சிற் பேதம் அவர்களுக்கு அதிலே இல்லை. அவர்களும் அக்காலத்திலே ஆளுக்கொரு குடுவை எடுக்க நேர்ந்தது.

தொற்று நீங்கியபின் சஹன் மீண்டது. முழுதும் மீண்டதென்று சொல்ல முடியவில்லை. புதிய மண்டபங்களிலே சிலர், தாமே எடுத்து உண்ணும் முறையை விரும்புகின்றனர். அதிற் செலவைக் கணிப்பது எளிதாம். சோறு வீணாவது குறையுமாம். முழங்கால் வலியுடையோர்க்குத் தரையில் அமர்வதும் இயலாது. இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள்: வட்ட மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி, நடுவே சஹன்.

அண்மையில் மூதூரிலே அத்தகைய மேசையொன்றைக் கண்டேன். நாற்காலியில் ஐவர் அமர்ந்திருந்தனர். சோறு வந்து இறங்கியும் மூடியை எவரும் திறக்கவில்லை. பரிமாறும் பையன் வாசலை நோக்கிக் கூவிக்கொண்டிருந்தான்: “இன்னும் ஒராள்! ஒராள் வாங்க!”